மூன்றரை மணிக்கு மேல் போட்ட குறிகள்

பினாங்கு டவுனில் ஒரு சொங்கோக் கடை இருக்கிறது. முஸ்லிம்கள் தலையில் வைக்கும் கறுப்பு வெல்வெட் தொப்பியைத் தைத்து விற்கிற கடை. அந்தத் தெருவில் போக நேர்ந்தால் நான் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவேன். மாறியும் பயனில்லை. உள்ளேயிருந்து குரல் வரும்.

"கிராணியாரே! என்ன லா அவசரம்? ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க!"

மீரான் பாய்தான். நான் கையை மட்டும் ஆட்டிவிட்டு, டிராமைப் பிடிக்கப் போகிறவன்போல நடையைக் கட்டுவேன். நானும் அவரும் பைத்தியக்கார வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கள். அது வெளியே தெரிந்துவிடுமோ என்று நான் வெட்கப்படுவதாக அவர் நினைக்கிறார். பைத்தியம் பிடித்ததில் எனக்கு வெட்கமில்லை. காய்ச்சல் வருகிற மாதிரி அது வந்தது, போயிற்று. புத்தி தெளிந்துகொண்டு வந்த நாட்களில், முழு நினைவோடு, நான் செய்த காரியம் ஒன்று உண்டு. வெட்கம் அதற்குத்தான்.

வீட்டில் ஒருவரை அந்த வார்டில் விட்டுவிட்டுத் தவிக்கிறவர்களுக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். என் காரியத்தை மறைத்துவிட்டு அதை எழுதப் பார்த்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை.

முதலில் நோயைச் சொல்கிறேன். நான் துறைமுகச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் எண்ணும் கிராணி, அதாவது குமாஸ்தா. கப்பலிலிருந்து மூட்டைகள் வலையில் கட்டித் தூக்குத் தூக்காக இறங்கும். ஒரு தூக்குக்கு எத்தனை மூட்டை என்று நின்று எண்ணி, ஐந்தைந்தாகக் கோடு போட வேண்டும். வெயிலில் கண் அசந்து ஒரு தூக்கு தப்பிவிட்டால் யாரிடமும் சொல்லக் கூடாது. முந்தின தூக்கில் எத்தனையோ அதையே அடுத்த வரியிலும் இழுத்துப் போட்டுவிடுவோம். எனக்கு வேலை பழக்கிய பெரிய கிராணியே சொல்லித் தந்த வழி இது. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

ஒரு பருவத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று. காரணம் என்று ஒன்றும் இல்லை. பாயில் படுத்தால் மூட்டைகள் இறங்கிக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் கமலம், என் மனைவி, தலைக்கு நல்லெண்ணெய் வைத்து முழுக்காட்டினாள். ஆறாம் நாள் கோவிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பதினோராம் நாள் காலை கிட்டங்கியில் எனக்கு ஓர் உண்மை விளங்கியது. மூட்டைகள் என்னைத் திருப்பி எண்ணுகின்றன! சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, இனி ஒரு மூட்டையும் இறங்கக் கூடாது என்று பாரந்தூக்கியின் சங்கிலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பிரித்து எடுக்க நாலு ஆள் வேண்டியிருந்ததாம். அதில் ஒருவனுக்கு என் பல் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. பார்த்தால் சிரிப்பான், நல்ல மனிதன்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், உயரமான மதிலுக்குள் எங்கள் வார்டு. முதல் பத்து நாட்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. இரும்புக் கட்டிலில் துணியால் கட்டிப் போட்டிருந்ததும், யாரோ வாயில் ரப்பர் குழாயால் பால் ஊற்றியதும், கமலம் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றதும் துண்டு துண்டாக ஞாபகம் இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் அவள் நான் வேலையாகத் தைப்பிங் போயிருப்பதாகச் சொல்லியிருந்தாள். இரண்டாம் வகுப்பு வார்டுக்குத் தினம் பணம் கட்ட வேண்டும். எனவே மூன்றாம் வகுப்புதான். பார்க்கிற நாட்களில் டிராமுக்குக் கொடுக்காமல் நடந்தே வந்து, மிஞ்சியதில் எனக்கு ஆரஞ்சு வாங்கி வருவாள். என் தலையை வாரிவிட்டு, போகும்போது ஒரே வார்த்தை சொல்வாள்.

"தூங்குங்க. எதையும் எண்ணாதீங்க."

டாக்டர் ஒரு வெள்ளைக்காரர், நெட்டையானவர், கையில் எப்போதும் ஒரு சிறு சுத்தியல். அதைக்கொண்டு முழங்காலில் தட்டிப் பார்ப்பார். ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். தகாத சகவாசத்தில் தொற்றுகிற மேகநோய் மூளைக்கு ஏறியும் புத்தி கெடுமாம், அதற்கான சோதனை. முடிவு வருகிறவரை கமலத்தின் முகத்தை நேரே பார்க்க முடியாமல் கிடந்தேன். இல்லை என்று வந்தது. பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். நான் மூச்சுவிடாமல் இரண்டுவரை வந்து, "இன்னும் கீழே போகட்டுமா சார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். என் நோய்க்கு மேனியா என்று பெயர். மனம் கடிவாளம் அறுந்து ஓடுவது. ஓடிக் களைத்தால் நிற்கும், நிற்பதற்குத் தூக்கம் வேண்டும் என்றார். மற்றது எல்லாம் அடங்கி வந்தது, தூக்கம் மட்டும் திரும்பவில்லை.

அந்த டாக்டருக்குத் தூக்கத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சி இருந்தது. பைத்தியம் பிடிப்பதால் தூக்கம் போகிறதா, தூக்கம் போவதால் பைத்தியம் பிடிக்கிறதா? எந்த நோய்க்காரன் எந்நேரம் விழிக்கிறான்? இதை அறிய, வார்டின் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வரி போட்டுச் சீட்டு அச்சடித்திருந்தார். ராத்திரி ஒன்பது முதல் காலை ஆறுவரை அரைமணிக்கு ஒரு கட்டம். தூங்கினால் கட்டத்தைக் கறுப்பாக்கு. சும்மா விழித்திருந்தால் வெறுமையாக விடு. விழித்துப் புலம்பினால் பெருக்கல் குறி போடு.

போட வேண்டியவர் டிரெசர் அந்தோணி. மருந்து கொடுப்பது, கட்டுவது, அவிழ்ப்பது எல்லாம் அவர்தான். நல்லவர், ஆனால் ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்தால் அவரும் ஒரு நோயாளி மாதிரி தூங்கிவிடுவார். விடிந்தபின் எல்லாருக்கும் ஒரே கறுப்பாகத் தீட்டிவிடுவார். ஒரு நாள் வயிற்றுவலி என்று பத்து மணிக்கே வேறு வார்டுக்குக் கொண்டுபோன சீனக் கிழவர், சீட்டில் காலை ஆறுவரை இந்தக் கட்டிலில் தூங்கியிருந்தார். டாக்டர் அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கட்டிலுக்கு வந்தார்.

"நீ தூங்குவதில்லை. எண்ணுவது உன் தொழில். எனக்கு வேலை செய்கிறாயா?"

பலகையும் பென்சிலும் என் கைக்கு வந்தன. அந்த நிமிஷம் நான் பட்ட பெருமையை எப்படிச் சொல்ல! மதிலுக்குள் வந்தபிறகு எனக்குப் பெயரே இல்லை, கட்டில் நம்பர்தான். பலகை வந்த மறுநாள் அந்தோணியே "கிராணி, டீ வேணுமா?" என்று கேட்டார். பன்னிரண்டில் நான் ஒருவன் போக மீதிப் பதினோரு பேருக்கு நான் குறிபோட்டேன். என் வரி தினமும் வெறுமையாகவே இருந்தது, அதுதான் என் தகுதி.

சீட்டுக்கு ஒரு விளைவும் இருந்தது. மாதக் கடைசியில் பெரிய டாக்டர் ஒருவர் வந்து, வீட்டுக்கு அனுப்பத் தகுந்தவர்களைப் பார்ப்பார். யாரை அவர்முன் நிறுத்துவது என்பதற்கு எங்கள் டாக்டர் சீட்டைத்தான் பார்த்தார். இதை அந்தோணி வார்டு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

"தூங்கினா வீட்டுக்கு பாலேக். தூங்காட்டி இங்கேயே கிட. அவ்வளவுதான் லா, வேற சூசா, தொந்தரவு ஒண்ணும் இல்ல."

இந்தச் செய்தியை என் பக்கத்துக் கட்டில்காரரைப்போல உன்னிப்பாகக் கேட்டவர் வேறு யாருமில்லை.

மீரான் பாய், மனைவி இறந்த வருஷம், பேச்சும் சாப்பாடும் நின்று, ஒரு பகலில் கடையிலிருந்த வெல்வெட்டை எல்லாம் விரல் அகலத்துக்கு வெட்டிக் குவித்துவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தவர். அவருடையது மெலங்கோலியா. மனம் ஓடாமல் கிணற்றுக்குள் இறங்கிவிடுகிற நோய் என்று டாக்டர் விளக்கினார். நான் பார்க்கும்போது அவர் ஏறி வந்துவிட்டார். பேசினார், சிரித்தார், அந்தோணியின் கிழிந்த கோட்டைத் தைத்துக் கொடுத்தார். அவருக்கு ஒரே மகள், ஜொகரா. நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் அவளுக்கு நிக்காஹ். நிக்காஹில் பெண்ணைப் பிடித்துக் கொடுக்கிற உரிமை தகப்பனுக்கு. தகப்பன் புத்தி பேதலித்தவர் என்றால் அது கைமாறித் தம்பிக்குப் போகும். டாக்டர் குணமானதாகச் சீட்டுக் கொடுத்து அனுப்பினால் தகப்பனே உட்காரலாம் என்று நிக்காஹ் நடத்திவைக்கும் லெப்பை சொல்லியிருந்தார்.

"எம் மவளை நானே என் வாயால கொடுக்கணும் கிராணியாரே," என்றார் பாய். "அவ உம்மாவும் இல்ல. நானும் பைத்தியம்னு ஒதுங்கிட்டா அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கா?"

அது நோன்பு மாதம். நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை, அதிலும் இந்த நோய்க்குப் பட்டினி கூடாது என்று டாக்டர் தடுத்திருந்தார். பாய் கேட்கவில்லை. பகல் சோற்றை அந்தோணி திரும்புகிற நேரம் பார்த்து என் தட்டில் தள்ளிவிடுவார். சாயங்காலச் சோற்றை வைத்திருந்து பொழுது சாய்ந்ததும் சாப்பிடுவார். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, தலையணைக்கடியில் வைத்த ரொட்டித் துண்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்று நோன்பு பிடிப்பார். இது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். நானும் இரண்டு பேர் சோற்றை வஞ்சனையில்லாமல் தின்றேன். வாரம் ஒருமுறை எங்களை நிறுத்துப் பார்ப்பார்கள். நான் ஏறினேன், அவர் இறங்கினார். எடை ஏறுவது குணமாவதற்கு அடையாளமாம். டாக்டர் என் தோளைத் தட்டினார்.

ரொட்டி தின்றபின் பாய் முகம் கழுவித் தொழுவார். பிறகு தஸ்பீஹ் ஓதுவார். இறைவனின் பெயரை முப்பத்துமூன்று முப்பத்துமூன்றாகச் சொல்வது. மணிமாலையை உள்ளே விடமாட்டார்கள், நோயாளிகள் கழுத்தில் மாட்டி இறுக்கிக்கொள்வார்களாம். அதனால் அவர் விரல் கணுக்களில் எண்ணினார். இருட்டில் அந்த முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்துக் கட்டிலில் பலகையோடு உட்கார்ந்திருப்பேன். வேறொருவர் எண்ணுகிறார், நான் எண்ண வேண்டியதில்லை. என் நோய்க்கு அது எப்படிப்பட்ட மருந்து என்று எந்த டாக்டருக்கும் தெரியாது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, முப்பத்துமூன்றின் நடுவில் எங்கேயோ நான் தூங்கிப்போனேன். எத்தனை வாரத்துக்குப் பிறகு! கண் விழித்தால் வாளிச் சத்தம், மணி ஐந்தரை. பாய் சுபுஹு என்கிற விடிகாலைத் தொழுகையில் இருந்தார்.

பலகையில் பாய் வரியில், மூன்று மணிக் கட்டத்தில் பெருக்கல் குறி இருந்தது; ஓதுவதற்கு என்று தனிக் குறி இல்லாததால் நான் போட்டது. மூன்றரைக்கு மேல் எல்லாம் வெறுமை. வெறுமையாக விட்டால் நான் தூங்கியது தெரிந்துவிடும், பலகை போய்விடும், மறுபடி கட்டில் நம்பராகிவிடுவேன். என் கை தொழில் பழக்கத்தில் வேலை செய்தது. எல்லார் வரியிலும் கடைசியாக என்ன இருந்ததோ அதையே இழுத்துப் போட்டேன். தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கறுப்பு. பாய்க்கு மூன்று மணிக்குப் பெருக்கல் குறி, ஆகவே மூன்றரைக்கும், நாலுக்கும், நாலரைக்கும், ஐந்துக்கும் பெருக்கல் குறி. மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். என் வரியை வெறுமையாகவே விட்டேன்.

அதுவரை செய்தது தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லித் தப்பிக்கலாம். ஒரு வாரம் கழித்து அந்தோணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நேத்து நாலு மணிக்குத் தண்ணி எடுக்க வந்தேன். நீயும் தூங்குற, உன் பாயும் தூங்குறார். ரெண்டு பேர் குறட்டையும் போட்டி போடுது."

"பாயுமா?"

"ஆமா லா. முந்தாநாளும் பார்த்தேன். தொழுதுட்டு உடனே படுத்துடுறார். நல்ல தூக்கம். எனக்கென்ன, என்னை யார் கேக்குறா?"

அன்றைக்கே திருத்தியிருக்கலாம். பழைய சீட்டுகள் டாக்டர் மேஜைக்குப் போய்விட்டன, இனிமேல் சரியாகப் போடுவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று இரவும் மூன்றரைக்குத் தூங்கிப்போனேன். திடீரென்று அவர் வரி கறுத்தால் டாக்டர் சந்தேகப்படுவாரே என்று காலையில் மறுபடி குறிகளை இழுத்தேன். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாய் வீட்டுக்குப் போய்விட்டால் மூன்று மணிக்கு என் பக்கத்தில் ஓத ஆள் இருக்காது. நான் திரும்பவும் மூட்டைகளோடு கிடப்பேன். அந்தப் பயமும் பென்சிலைப் பிடித்தது.

பெரிய டாக்டர் வருவதற்கு மூன்று நாள் முன்பு எங்கள் டாக்டர் சீட்டுக்கட்டோடு வந்து என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"இந்த மீரான். பேசினால் தெளிவாக இருக்கிறான். ஆனால் இதைப் பார். விடிவதற்கு முன்னால் விழித்து, திரும்பத் தூங்க முடியாமல் கிடப்பது மெலங்கோலியாவின் முத்திரை. விழிப்பது பெரிதல்ல, எல்லாரும் விழிப்பார்கள். மறுபடி தூங்குகிறானா என்பதுதான் கேள்வி. எடையும் குறைகிறது. நீ அவன் பாஷைக்காரன், பக்கத்திலேயே இருக்கிறாய். அவன் விடியும்வரை முணுமுணுப்பது ஜெபமா, புலம்பலா? பிறகு தூங்குகிறானா இல்லையா?"

மூன்று கட்டில் தள்ளி, தண்ணீர்க் குடத்தருகே, பாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நோன்பைச் சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். நோன்பைச் சொல்லாமலே "தொழுகிறார் சார், அப்புறம் தூங்குகிறார்" என்று சொல்லியிருக்கலாம். ஆங்கிலத்தில் ஏழெட்டுச் சொற்கள். அதைச் சொன்னால், பிறகு ஏன் இந்தக் குறிகள் என்பது அடுத்த கேள்வி.

"சொல்லத் தெரியவில்லை சார்," என்றேன். "நான் பார்த்ததைத்தான் போட்டேன்."

டாக்டர் தலையாட்டிக்கொண்டு எழுந்தார். பாய் எனக்கு நன்றியாகச் சிரித்தார்.

அன்றிரவே பாய்க்கு பாரால்டிஹைட் ஆரம்பித்தார்கள். தூக்கம் வராதவர்களுக்குக் கொடுக்கிற திரவ மருந்து அது. நெடி மூக்கைப் பிய்க்கும். குடித்தவன் மூச்சு மறுநாள் பகல் முழுக்கச் சாராயக்கடைபோல நாறும். பாய் அதைச் சாராயம் என்றே நினைத்து வாயை இறுக்கிக்கொண்டார். இரண்டு பேர் பிடிக்க, அந்தோணி மூக்கைப் பொத்தி ஊற்றினார். நான் என் கட்டிலில் உட்கார்ந்து ஒன்பது மணிக் கட்டத்தைத் தீட்டினேன். மூன்று மணிக்கு அவர் எழவில்லை. ரொட்டி தலையணைக்கடியிலேயே காய்ந்தது. ஒன்றும் தின்னாமலே மறுநாள் நோன்பு இருந்தார், கால் தள்ளாடியது. அவர் தொழுகைக்கு நிற்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"ஏன் பாய், தொழலையா?"

"வாய் இப்படி நாறிக்கிட்டு எப்படித் தொழுவுறது?" கையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினார். "போதையில நிக்கக் கூடாது கிராணியாரே."

மருந்தால் வருகிற தூக்கம் கணக்கில் சேராது. பெரிய டாக்டர் வந்த அன்று முன்நிறுத்திய நாலு பேரில் பாய் இல்லை. சாயங்காலம் அவர் தம்பி சுல்தான் வந்து, சீட்டைப் பற்றி டாக்டர் சொன்னதைக் குனிந்த தலையோடு அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபின் பாய் என்னிடம் சொன்னதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

"நான் தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். தொழுதுட்டுப் படுத்தா, அடுத்து சுபுஹுக்குத்தான் முழிக்கிறேன்னு நெனப்பு. நீங்க எழுதினதைப் பார்த்தா தூங்கவே இல்ல போல." விரல் கணுக்களைத் தடவிக்கொண்டே இருந்தார். "கிராணி எண்ணினா தப்புமா? எம் புத்திதான் இன்னும் சரியாகலை. தூங்கினதும் தூங்காததும் தெரியாதவன் எப்படி மவளைக் கையில பிடிச்சுக் கொடுக்குறது? தம்பி கொடுக்கட்டும். அதுதான் சரி."

நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? ஆரஞ்சு ஒன்றை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு, அவர் நோன்பு என்பது நினைவுக்கு வந்து, நானே தின்றேன்.

இதற்கிடையில் அந்தோணி எனக்கு நல்லது செய்வதாக நினைத்து டாக்டர் காதில் போட்டுவிட்டார். ஒரு விடிகாலை கண் விழித்தால் டாக்டரே விளக்கோடு நிற்கிறார். பலகை என் மார்பில் கிடந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"தூங்குகிறாய்! எத்தனை நாளாக?"

"நேற்றிலிருந்துதான் சார்."

இது இரண்டாவது பொய். நேற்றிலிருந்து என்பதால் முந்தின சீட்டுகள் எல்லாம் நிஜமாகிவிட்டன. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எடை ஏற்றம், கணக்கில் தெளிவு, இப்போது தூக்கம். பெரிய டாக்டருக்கு எழுதி அனுமதி வாங்கி, பெருநாளுக்கு முந்தின நாள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கமலம் புது வேட்டியோடு வந்திருந்தாள். வாசலில் பாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நிக்காஹ் அன்னிக்கு நம்ம கடை மாடிக்குப் போங்க. எஞ் சலாத்தைச் சொல்லுங்க. கண்ணால பார்த்துட்டு வந்து எனக்குச் சொன்னீங்கன்னா போதும்."

போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன், கமலம் விடவில்லை. உங்களுக்குச் சோறு தந்து காப்பாற்றியவர் வீட்டுக் கல்யாணம் என்றாள். பகல் சோற்றுக் கதையை அதற்குள் அவளிடம் சொல்லியிருந்தேன், மீதியைச் சொல்லவில்லை. மாடியில் கோரைப்பாய் விரித்து, ஊதுபத்தி ஏற்றி, ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுல்தான் தகப்பன் இடத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் மகளைக் கொடுக்கிறேன் என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. லெப்பை தோளைத் தட்டி இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் சுல்தான் என்னைப் பெண்கள் இருந்த பக்கத்துத் திரைக்கு அருகே அழைத்துப் போனார். "அண்ணன்கூட இருந்த கிராணி வந்திருக்காரு. வாப்பா சலாம் சொல்லியிருக்காங்களாம்," என்று சொல்லிவிட்டு விருந்தைக் கவனிக்கப் போனார். என் கையில் சர்பத் டம்ளர் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம். ஜொகராவின் சின்னக் குரல்.

"மாமா, வாப்பா ராத்திரியில தூங்குறாங்களா?"

"நல்லாத் தூங்குறார்ம்மா," என்றேன். அத்தனை நாள் தொண்டையில் கிடந்தது தானாக வெளியே வந்தது. "மூணு மணிக்கு எழுந்து தொழுவார். தொழுதுட்டு உடனே படுத்துத் தூங்கிடுவார். எந்தக் குறையும் இல்லை."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"தூங்கினா விட்டுடுவாங்கன்னுதானே சொன்னாங்க? அப்புறம் ஏன் மாமா விடலை?"

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நோன்பையும் சொன்னேன், என் தூக்கத்தையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. சீட்டுகளை எடுத்துப் போட்டு, எவை எவை பொய்க் குறிகள் என்று அடிக்கச் சொன்னார். பாய் வரியில் அடித்து முடித்தேன். "மற்ற பத்துப் பேர் வரியிலும் மூன்றரைக்கு மேல் நீ எதையும் பார்க்கவில்லை, இல்லையா?" என்றார். இல்லை என்றேன். அந்தக் கட்டு முழுவதையும் மேஜை இழுப்பறைக்குள் போட்டுச் சாவியைத் திருப்பினார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. பாய்க்கு மருந்தை நிறுத்தி, தாமே இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்து, அதேபோல் அனுமதி வாங்கி, நிக்காஹ் கழிந்த ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார். ஜொகரா ஆறாம் நாளே புருஷனோடு கப்பலேறி, அக்கரைத் தீவிலுள்ள டெலி என்ற ஊருக்குப் போய்விட்டிருந்தாள்.

பாய் வெளியே வந்த அன்று நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார். "கண்ணால பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்த்ததைச் சொன்னேன், ஊதுபத்தி, மாப்பிள்ளையின் சட்டை, சுல்தான் குரல் உடைந்தது எல்லாம். கேட்டுவிட்டு என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதலில் அவரை விடாமல் வைத்த குறிகள் பொய், அது தெரிந்துதான் பிறகு விட்டார்கள் என்று டாக்டர் அவருக்கு விளக்கவில்லை போலும். நானும் சொல்லவில்லை. ஆண்டவன் நாடினால் புத்தி திரும்பும் என்று அவர் சொல்ல, நான் ஆமாம் போட்டேன்.

இப்போது எழுதிவிட்டேன். பத்திரிகையில் வந்தால் யாராவது அவரிடம் சொல்வார்கள், உங்களைப் பற்றி அந்தக் கிராணி என்னவோ எழுதியிருக்கிறார் என்று. அவர் சந்தோஷமாக ஒரு பிரதி வாங்குவார். அவருக்கு அரபு எழுத்தில் எழுதின தமிழ்தான் வாசிக்க வரும், நம் எழுத்து வராது. கடைக்கு வரும் கடிதம், நோட்டீஸ் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, வார்டில் பழகின உரிமையில் என்னைத்தான் கூப்பிடுவார். இதையும் என் கையில்தான் கொடுத்து, "கிராணியாரே, என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்க," என்பார்.